அமேசான் பிராண்ட் ரிஜிஸ்ட்ரி: சத்துமாவு விற்கும் ஒருத்தியின் மதிப்புரை

கோபிசெட்டிபாளையத்தில் வீட்டின் பின்கட்டில் சத்துமாவு அரைத்து விற்கிறேன். கம்பு, கேழ்வரகு, முளைகட்டிய பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, வாசத்துக்கு ஏலக்காய். பாக்கெட்டின் மேல் இருப்பது என் அம்மாயியின் பெயர்.

போன வருடம் ஆடி மாதம் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் எழுதினார். "மாவு கசக்குதுங்க, பாப்பா வாயில வெச்சதும் துப்பிட்டா." கூடவே படம். என் பாக்கெட், என் லேபிள், உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) எனக்குத் தந்த 14 இலக்க எண்கூட அப்படியே இருந்தது. பேட்ச் எண்ணைப் பார்த்ததும்தான் கை நடுங்கியது. ஒவ்வொரு அரைப்புக்கும் நானே கையால் முத்திரை குத்துவேன். அந்த எண் மாசியில் அரைத்தது. மொத்தமே 60 பாக்கெட், எல்லாம் ஈரோட்டிலேயே விற்றுப்போனவை. அவர் வாங்கியதோ நான் விற்காத ஓர் ஆன்லைன் தளத்தில்.

அதே விற்பனையாளரிடம் மூன்று பாக்கெட் வரவழைத்தேன். மூன்றிலும் அதே பேட்ச் எண். 500 கிராம் என்று போட்டிருந்தது, தராசில் 460. குழந்தை சாப்பிடுகிற பொருள் இது. உள்ளே என்ன மாவு என்று எனக்கே தெரியாத ஒன்றின் மேல் அம்மாயியின் பெயர் இருந்தது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

பதற்றத்தில் முதலில் செய்த காரியம் தவறாகப் போனது. போலிகளைத் தேடிக் கொடுப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு மாதம் 6,000 ரூபாய் வீதம் மூன்று மாதம் கட்டினேன். பெயர் வேண்டாம். கடைசியில் 41 இணைப்புகளோடு ஓர் அறிக்கை வந்தது. அதில் 29 என் சொந்தப் பக்கங்களும், என்னிடம் மொத்தமாக வாங்கி விற்கிற கடைக்காரர்களின் பக்கங்களும். மீதியை நீக்க வைக்க வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணமாம். நிறுத்திவிட்டேன்.

அப்புறம்தான் அமேசானின் பிராண்ட் ரிஜிஸ்ட்ரிக்கு வந்தேன். நம் பெயரை அங்கே பதிந்து வைத்து, அதை மற்றவர்கள் திருடினால் புகார் செய்ய உதவும் சேவை அது. அங்கேயும் என் மாவை நான் விற்கிறேன். இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் டிரேட்மார்க், அதாவது நம் பொருளின் பெயர்மேல் நமக்கு உள்ள உரிமை, அரசிடம் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது விண்ணப்பமாவது நிலுவையில் இருக்க வேண்டும். நல்லவேளை, 2021-லேயே ஈரோட்டில் ஒரு ஏஜென்ட் மூலம் 30-ஆம் வகுப்பில் விண்ணப்பம் போட்டு வைத்திருந்தேன். மாவு, தானியம், மசாலா, காபி எல்லாம் அந்த வகுப்பில்தான் வரும். ஆன்லைனில் போட்டால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சத்துமாவு என்ற சொல்லை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அது பொருளின் பெயர். அம்மாயியின் பெயரும் அதை எழுதியிருக்கும் விதமும்தான் என்னுடையவை. விண்ணப்பங்களை வெளியிடுகிற அரசின் டிரேட்மார்க் ஜர்னலில் வந்த பிறகு மற்றவர்கள் ஆட்சேபிக்க நான்கு மாதம் உண்டு. அது கடந்து சான்றிதழ் கைக்கு வர எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

ரிஜிஸ்ட்ரியில் சேர்வது கடினமில்லை. டிரேட்மார்க் எண்ணும், பெயர் அச்சாகியிருக்கிற பாக்கெட்டின் படமும் கேட்டார்கள். ஆனால் சரிபார்ப்புக் குறியீடு எனக்கு வரவில்லை. டிரேட்மார்க் அலுவலகப் பதிவில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறதோ அதற்குத்தான் போகும். என் பதிவில் இருந்தது ஏஜென்ட்டின் மின்னஞ்சல். அவர் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, தேடி எடுத்து அனுப்பும்வரை ஐந்து நாள் காத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் என் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழைந்துவிடாமல் இருக்க இப்படி வைத்திருக்கிறார்கள், எனக்கும் அது சரியென்றே படுகிறது. நீங்கள் சேர்வதாக இருந்தால் முதலில் அந்த மின்னஞ்சல் யாருடையது என்று பாருங்கள்.

உள்ளே போனதும் எனக்கு அதிகம் பயன்பட்டது மீறலைப் புகார் செய்யும் பக்கம். பெயரைப் போட்டும் தேடலாம், படத்தைப் போட்டும் தேடலாம். படத்தேடலில்தான் அகப்பட்டது: வேறு பெயரில் விற்கும் ஒருவர், எங்கள் மொட்டைமாடியில் முறத்தோடு நான் எடுத்த படத்தை எடுத்துப் போட்டிருந்தார். முறத்தின் ஓரத்தில் என் மகளின் கொலுசுக்கால்கூடத் தெரிந்தது. டிரேட்மார்க் என்று புகார் கொடுத்தேன், நிராகரித்தார்கள். தவறு என்னுடையது. அவர் என் பெயரைப் பயன்படுத்தவில்லை, படத்தைத்தான் எடுத்திருந்தார், அது பதிப்புரிமை (காப்பிரைட்) மீறல். மாற்றிக் கொடுத்தேன், இரண்டு நாளில் படம் போய்விட்டது. நாம் எடுத்த படத்தின் பதிப்புரிமை, அதை எடுத்த கணத்திலிருந்தே நம்முடையது. அதற்குத் தனியாகப் பதிவு தேவையில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அதிக விலைக்கு விற்கிறார் என்பதற்காக ஒருவரைப் போலி என்று புகார் செய்யாதீர்கள். சேலத்துக்காரர் ஒருவர் என் மாவை 40 ரூபாய் கூட்டி விற்கிறார். எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் முறையாக வாங்கிய அசல் சரக்கு அது. அதை மறுபடி விற்க டிரேட்மார்க் சட்டமே அனுமதிக்கிறது.

டிரான்ஸ்பேரன்சி என்று இன்னொரு திட்டமும் அங்கே உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனிக் குறியீடு ஒட்ட வேண்டும், வாங்குகிறவர் போனில் ஸ்கேன் செய்து அசலா என்று பார்த்துக்கொள்ளலாம். நல்ல யோசனை. ஆனால் குறியீடுகளுக்குப் பணம் கட்ட வேண்டும். நானும் இரண்டு அக்காக்களுமாகப் பொட்டலம் போடுகிற இடத்தில் அந்த வேலையும் தாங்காது. இப்போதைக்குச் சேரவில்லை.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. இந்த ரிஜிஸ்ட்ரியின் கை அமேசானுக்குள் மட்டும்தான் நீளும். பெங்களூர் அம்மா ஏமாந்தது வேறு தளத்தில். அங்கே குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினேன். அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்திலேயே வெளியிட வேண்டும் என்பது 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதி. முதல் இரண்டு மின்னஞ்சல்களுக்குப் பொதுவான பதில்தான் வந்தது. மூன்றாவதில் டிரேட்மார்க் சான்றிதழ், மூன்று பாக்கெட்டையும் வரவழைத்த ரசீது, பிரிக்கும்போது எடுத்த வீடியோ, தராசின் படம், அந்தப் பேட்ச் மாசியில் அரைத்தது என்பதற்கு என் கணக்கு நோட்டின் பக்கம், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். நான்காம் நாள் விற்பனைப் பக்கம் மறைந்தது. 18,000 ரூபாய் கட்டியும் நடக்காதது ஒரு சான்றிதழாலும் மூன்று பாக்கெட் வாங்கிய செலவாலும் நடந்தது.

பெயர் பதிவாகியிருந்து, அமேசானில் விற்கவும் செய்கிறீர்கள் என்றால் இதில் சேருங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பதிவு இல்லாதவர்கள் அந்த 4,500 ரூபாயை முதலில் செலவழியுங்கள்.

தை மாதம் செக்கு நல்லெண்ணெய் தொடங்குகிறேன். சமையல் எண்ணெய்க்கு 29-ஆம் வகுப்பு. லேபிள் அச்சுக்குப் போகும் முன்பே விண்ணப்பம் போட்டாயிற்று, என் சொந்த மின்னஞ்சலில்.