பைசனில் ஐந்து வருடமாக கிராமர் எழுதுகிறேன்: %எக்ஸ்பெக்ட் பற்றி ஒரு எச்சரிக்கை

ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழிக்கு ஐந்து வருடமாக பைசனில் கிராமர் (மொழியின் இலக்கண விதிகள்) எழுதிப் பராமரித்து வருகிறேன். அந்த விதிகளிலிருந்து, நிரலைப் படித்துப் பிரிக்கும் பார்சரை உருவாக்கித் தரும் கருவிதான் பைசன். முதல் கிராமரை எழுதுவது பெரிய வேலையில்லை, மொழி வளர வளரத்தான் கருவியின் குணம் தெரிகிறது.

என்னை அதிகம் அலைக்கழித்தது %எக்ஸ்பெக்ட், அதாவது கிராமரில் இத்தனை கான்ஃப்ளிக்ட் (முரண்) இருக்கும் என்று பைசனிடம் முன்பே சொல்லிவைக்கும் வரி. இஃப்-எல்ஸில் வரும் ஷிஃப்ட்/ரெட்யூஸ் கான்ஃப்ளிக்ட், அதாவது அடுத்த சொல்லையும் சேர்த்துப் படிப்பதா (ஷிஃப்ட்), இதுவரை படித்ததை ஒரு ரூலாக முடிப்பதா (ரெட்யூஸ்) என்ற குழப்பம், தெரிந்ததுதான். பைசன் ஷிஃப்டைத் தேர்ந்தெடுத்து எல்ஸை உள்ளே இருக்கும் இஃபோடு சேர்த்துவிடும், நமக்கும் அதுதான் வேண்டும். சரி என்று "%எக்ஸ்பெக்ட் 1" போட்டு எச்சரிக்கையை நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒருநாள் இஃபை முடிக்க எண்ட்இஃப் கட்டாயம் என்று மாற்றியதும் அந்த கான்ஃப்ளிக்ட் போய்விட்டது, ஆனால் அதே கையோடு வைல் லூப்புக்கும் வேண்டுமானால் எல்ஸ் எழுதலாம் என்று ஒரு ரூல் சேர்த்திருந்தேன், அங்கே புதிதாக ஒன்று முளைத்துவிட்டது. எண்ணிக்கை அதே 1. பைசன் வாயே திறக்கவில்லை. இஃபுக்காக எழுதிய எல்ஸ் உள்ளே இருந்த லூப்போடு ஒட்டிக்கொண்டதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. எத்தனை கான்ஃப்ளிக்ட் என்றுதான் %எக்ஸ்பெக்ட் பார்க்கிறது, எது என்று பார்ப்பதில்லை. இப்போது என் கோப்பில் அது 0 மட்டும்தான்.

2020-இல் வந்த 3.7 பதிப்பில் "-டபிள்யூகவுன்டர்எக்ஸாம்பிள்ஸ்" என்ற ஆப்ஷன் சேர்ந்த பிறகு வேலை நிஜமாகவே மாறியது. முன்பு கான்ஃப்ளிக்ட் எங்கே என்று பார்க்க, பார்சரின் ஸ்டேட் (நிலை) பட்டியலை அச்சடித்து வரி வரியாகத் தேட வேண்டும். இப்போது எந்த டோக்கன் (சொல், குறி) வரிசையை இரண்டு விதமாகப் படிக்க முடியும் என்று அதுவே காட்டிவிடுகிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் இதற்காகவே மாறலாம்.

இன்னொன்று, பட்டியல்களுக்கு எப்போதும் இடது ரிகர்ஷன்தான், அதாவது ரூல் தன்னையே திரும்ப அழைப்பது அதன் இடது ஓரத்தில் இருக்க வேண்டும். நான் வலதுபுறமாக எழுதி வைத்திருந்தேன், சோதனையில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒருநாள் பெரிய தரவுக் கோப்பு வந்து "மெமரி எக்ஸாஸ்டட்" என்று நின்றது. கடைசி உறுப்பு வரும்வரை எதையும் ரெட்யூஸ் செய்ய முடியாததால் உறுப்பும் காற்புள்ளியும் ஸ்டாக்கிலேயே (பார்சர் படித்ததை அடுக்கி வைக்கும் இடம்) குவியும். ஸ்டாக்கின் இயல்பான உச்சவரம்பு 10000 என்பதால் ஐயாயிரம் உறுப்புக்குள் முடிந்துபோகும். ரூலில் இரண்டு சொற்களை இடம் மாற்றியதும் சரியானது.

இதே மாதிரி இன்னொரு கருவியான ஆன்ட்லர் 4-இலும் கொஞ்ச நாள் எழுதினேன். நேரடி இடது ரிகர்ஷனை அதுவே பார்த்துக்கொள்கிறது, பழகவும் எளிது. ஆனால் இரண்டு வழியும் பொருந்தினால் முதலில் எழுதியதை எடுத்துக்கொண்டு போய்விடும், கிராமரைத் தொகுக்கும்போது அதைப் பற்றி எச்சரிக்காது. பைசன் நச்சரிக்கும், எனக்கு அந்த நச்சரிப்பு வேண்டும்.