டிராவலர் துணைப் புத்தகங்கள்: எதை முதலில் வாங்குவது?

டிராவலர் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் விண்வெளிக் கதை ஆட்டம். எங்கள் குழுவில் அதை ஆடிக்கொண்டிருந்த நண்பர் இப்போது தனியாக ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார். "மூல விதிப்புத்தகம் கையில இருக்கு. அந்தக் கருவிப் புத்தகத்தோட பிடிஎஃப் விலையைக் குறைச்சிருக்காங்க. வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். ஒரே வரியில் பதில் அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

அவர் கேட்டது ஒரு வெளிப் பதிப்பாளர் டிராவலருக்காகப் போட்ட கருவித் தொகுப்பு, அதாவது பாத்திரங்கள் வாங்கிப் பயன்படுத்தும் வானொலி, கவசம் மாதிரிப் பொருள்களின் பட்டியல். குறை சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். என் பிரதியின் பைண்டிங் விட்டுப்போய், தைத்து வாங்கி, மறுபடி மேஜைக்கு வந்திருக்கிறது. அந்த அளவுக்குப் புரட்டப்பட்ட புத்தகம் அது.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டிராவலரில் ஒரு கிரகத்தை ஒரு எழுத்திலும் ஏழு இலக்கங்களிலும் அடக்கிவிடுவார்கள் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். விண்துறைமுகத்தின் தரம், கிரகத்தின் அளவு, வளிமண்டலம், நீர்ப்பரப்பு, மக்கள்தொகை, அரசு, சட்டக் கெடுபிடி, கடைசியாகத் தொழில்நுட்ப நிலை. அந்தக் கடைசி எண் வெறும் எண்ணாகவே கிடப்பதைப் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன். நிலை 5 கிரகத்தில் இறங்கினாலும் நிலை 12 கிரகத்தில் இறங்கினாலும் ஆட்டக்காரர்கள் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். இந்தப் புத்தகம் அதை அடியோடு மாற்றியது. ஒரே பொருளை நிலைவாரியாகக் காட்டுகிறது. நிலை 5-இல் வானொலி என்றால் முதுகில் கட்டித் தூக்கும் பெட்டி. மேலே போகப்போக அதுவே கைக்குள் அடங்கி, அப்புறம் காதுக்குள் போய்விடுகிறது. எங்கள் கப்பல் ஒருமுறை நிலை 5 கிரகத்தில் மாட்டிக்கொண்டபோது, தரையில் வாங்கிய அந்தப் பெட்டியை யார் சுமப்பது என்பதிலேயே பெரிய வாக்குவாதம். சுமப்பவரால் ஓட முடியாது, துப்பாக்கியைச் சட்டென்று எடுக்க முடியாது. அன்றைக்குத்தான் அந்தக் கிரகம் எங்களுக்கு ஒரு இடமாகத் தெரிந்தது. ஆட்டத்தை நடத்தும் ரெஃபரீயாக எனக்கு இதைவிடப் பெரிய உதவியை வேறெந்தத் துணைப் புத்தகமும் செய்ததில்லை.

இனி கோபம். இந்தப் புத்தகத்துக்கு இன்டெக்ஸ் கிடையாது. பொருள்களை அகரவரிசையிலும் அடுக்கவில்லை, வகைவாரியாகவும் அடுக்கவில்லை. கற்பனைத் தயாரிப்பு நிறுவனங்களின் வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். படிக்க அழகாக இருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் ஒரு விண்வெளிக் கவசத்தைத் தேட வேண்டுமென்றால், அதைச் செய்தது எந்த நிறுவனம் என்று முதலில் ஞாபகம் வர வேண்டும். விலையும் எடையும் அட்டவணையில் இருக்கும். ஆக்சிஜன் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது பத்திக்குள் எங்கோ ஒளிந்திருக்கும்.

போன ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கடற்கொள்ளையர் கப்பலின் காற்றறைக் கதவை உடைத்தாகிவிட்டது. எஞ்சினியர் வெளியே நின்று தன் கவசத்தில் எவ்வளவு காற்று மிச்சம் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி, உயிர் போகிற விஷயம். நான் பக்கம் புரட்டுகிறேன். ஒருவர் பிடிஎஃபைத் திறந்து 'ஆக்சிஜன்' என்று தேடுகிறார். முன்னுரையிலிருந்து விளம்பர வாசகம் வரை எல்லாம் வருகிறது, வேண்டியது வரவில்லை. இன்னொருவர் போனை எடுத்துவிட்டார். அதற்குமேல் அந்தக் காட்சியை மீட்க முடியவில்லை. கடைசியில் ஒரு எண்ணை நானே சொல்லி நகர்த்தினேன். ஆட்டம் ஓடியது, ஆனால் சூடு போய்விட்டது.

இதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்றால், டிராவலரின் அடிப்படை விதி அவ்வளவு வேகமானது. இரண்டு பகடை, திறமையைக் கூட்டு, 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிடும். அதன் பக்கத்தில் வைக்கிற துணைப் புத்தகம் அந்த வேகத்தைத் தின்னக் கூடாது. உள்ளடக்கம் தங்கமாக இருந்தாலும் தேட முடியாத புத்தகத்தை வீட்டில் படிக்கலாம், மேஜையில் வைக்க முடியாது.

அப்படியானால் எதை வாங்குவது? கப்பல் புத்தகம். இந்த ஆட்டம் 1977-இல் மூன்று சிறிய கறுப்புப் புத்தகங்களாக வந்தது. கப்பல்களை விரிவாக எடுத்துக்கொண்ட ஹை கார்ட் (High Guard) 1979-இலேயே வந்துவிட்டது. இன்றைய பதிப்பிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. போர்க்கப்பலில் ஆர்வம் இல்லாவிட்டாலும் அது வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போவதை இதில் தாவல் என்பார்கள், தூரத்தைப் பார்செக்கில் (சுமார் 3.26 ஒளியாண்டு) அளப்பார்கள். 200 டன் வணிகக் கப்பல் ஒரு பார்செக் தாவக் கப்பலின் அளவில் பத்தில் ஒரு பங்கு எரிபொருள் வேண்டும், அதாவது 20 டன். இரண்டு பார்செக் தாவ 40 டன். அந்தக் கூடுதல் 20 டன் சரக்கறையிலிருந்துதான் போக வேண்டும். ஒரு பார்செக் தூரத்துக்கு டன்னுக்கு ஆயிரம் கிரெடிட் (ஆட்டத்தில் புழங்கும் பணம்) சரக்குக் கூலி என்றால், அந்த இடத்தில் சரக்கு ஏற்றியிருந்தால் வந்திருக்கும் 20,000 கிரெடிட் ஒவ்வொரு பயணத்திலும் போச்சு. தாவலில் ஒரு வாரம் கழிகிறது, கப்பல் கடன் மட்டும் மாதாமாதம் விலையில் 240-இல் ஒரு பங்கு வீதம் 40 வருஷத்துக்கு ஓடுகிறது. தூரமா, சரக்கா என்று குழு அடித்துக்கொள்ளும் அந்த ஒரு மணி நேரம் முழுக்க முழுக்க ஆட்டம்தான். கப்பலை வடிவமைப்பது ஆட்டங்களுக்கு நடுவில் நடக்கிற வேலை என்பதால், பக்கம் புரட்டினாலும் யாருக்கும் தடையில்லை.

பாத்திரங்களுக்குப் புதிய தொழில்கள் தரும் புத்தகங்கள் இப்போதைக்குத் தேவையில்லை. மூலப் புத்தகத்தில் இருப்பதே ஒரு குழுவுக்குத் தாராளம். கிரகங்களையும் அவற்றின் வரைபடங்களையும் தரும் விண்மண்டலத் தொகுப்புகள், உங்கள் ஆட்டக்காரர்கள் வரைபடத்தை எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகு.

அந்தக் கருவிப் புத்தகத்தின் அளவுக்கு என் ஆட்டத்தை வளப்படுத்தியது எதுவுமில்லை என்று மேலே எழுதினேன். அது உண்மை. ஆனாலும் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். விலை குறைந்திருப்பது அதே பழைய கோப்புக்குத்தான். ஒரு பக்கம்கூடத் திருத்தப்படவில்லை. பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன்: இரண்டு பக்க இன்டெக்ஸ், கவச அட்டவணையில் காற்றுக்கு ஒரு கூடுதல் நெடுவரிசை, அவ்வளவு போதும். அதைச் சேர்த்து வெளியிட்டால் முழு விலை கொடுத்து நானே இன்னொரு பிரதி வாங்குவேன், நண்பரையும் வாங்கச் சொல்வேன்.