கொத்தல ஹிம்புட்டுக் கோப்பை என்று 14,500 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்

இன்று காலை அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சீனி 291. போன கிளினிக்கில் 142 இருந்தது. கை நடுங்க நடுங்கத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் சீனி வருத்தக்காரர் இருப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கைபேசியில் மூலிகைப் பொருட்கள் விற்கும் ஒரு பக்கத்தின் விளம்பரம் வந்தது. கொத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த கோப்பை. இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் சீனி குறையுமாம். நம் சித்த வைத்தியர்கள் கடலழிஞ்சில் என்று சொல்வதும் இதைத்தான். அம்மாவின் மாமாவும் இப்படி ஒரு கோப்பை வைத்திருந்தாராம், அதனால் அம்மாவுக்கே ஆசை வந்தது.

விலை கேட்டு எழுதினேன். ஐந்து நிமிடத்தில் ஒரு தம்பி கோல் எடுத்தான். நான் நம்பியது அந்தக் கோலில்தான். அவன் விலையைப் பற்றிக் கதைக்கவே இல்லை. "அம்மாவுக்கு எத்தனை வயது அக்கா? கால் எரிவு இருக்கா? இரவில் எத்தனை தரம் எழும்புறா?" என்று கேட்டான். கிளினிக்கில்கூட அவ்வளவு ஆறுதலாக யாரும் கேட்டதில்லை. "என்ற அம்மாவும் இதிலதான் குடிக்கிறா" என்றான். 1997இல் யப்பான்காரர் இந்த மரத்திலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்ததைச் சொன்னான். தேடிப் பார்த்தேன், அது உண்மை. மாச்சத்து குடலில் சீனியாக உடைவதை அது தாமதப்படுத்தும். அந்த ஒரு உண்மையைக் கண்டதும் அவன் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நம்பிவிட்டேன். "இரண்டு கிழமையில் குளிசையைப் பாதியாக்கலாம் அக்கா" என்றதையும்.

ஒரு கோப்பை 7,250 ரூபாய். ஒன்று காயும்போது மற்றதைப் பாவிக்க இரண்டு வேண்டும் என்றான். முழுக்காசையும் முதலே வங்கியில் போட்டால் கூரியர் இலவசம். 14,500 ரூபாயைப் போட்டேன். வெள்ளவத்தையில் ஒரு மாத மரக்கறிக் காசு அது.

முதல் நாள் தண்ணீர் கடும் சிவப்பு. அம்மாவுக்குச் சந்தோஷம். அவன் கேட்டான் என்று, மஞ்சள் சேலையோடு கோப்பையைப் பிடித்தபடி அம்மாவைப் படம் எடுத்து அனுப்பினேன். நாலாம் நாள் தண்ணீர் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராகவே இருந்தது. நல்ல கோப்பையிலும் நாளாக நாளாக நிறம் குறையும்தான், ஆனால் நாலு நாளிலா?

கேட்டேன். "இயற்கை மரம் அக்கா, அப்படித்தான்" என்றான். பிறகு "மனேஜர் லீவு." பிறகு "படம் அனுப்புங்கோ." அனுப்பினேன், பதில் இல்லை. வேறு இலக்கத்தில் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை, "பற்றுச்சீட்டு இருக்கா?" என்று கேட்டாள். இவர்கள் எப்போது பற்றுச்சீட்டு தந்தார்கள்? இப்போது இரண்டு இலக்கத்தையும் ப்ளொக் பண்ணிவிட்டார்கள்.

கோப்பையைப் புறக்கோட்டை கேபோஸ் லேனுக்குக் கொண்டுபோனேன். மருந்துச் சரக்கு விற்கும் ஒரு ஐயா பேனாக்கத்தியால் அடியைச் சுரண்டினார். மேலே சாயம், உள்ளே வெள்ளை மரம். "பிள்ளை, இது ஏதோ பலகை" என்றார். 14,500 ரூபாய்க்குச் சாயம் பூசிய பலகை!

காசைவிட எரிவது வேறு. இரண்டு கிழமை முடிந்ததும் அம்மா எனக்குச் சொல்லாமலே குளிசையைப் பாதியாக்கியிருக்கிறார். அவன் கதைத்ததை ஸ்பீக்கரில் கேட்டவர்தானே. அதுதான் இந்த 291.

சரி, சொல்ல வேண்டியவை. டொக்டர் சொல்லாமல் குளிசையைக் குறைக்கவே வேண்டாம். கோப்பை அசலாக இருந்தாலும் கிளினிக்கில் சொல்லுங்கள். கிளிக்கிளசைட் போன்ற சீனி குறைக்கும் குளிசை எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்து சீனி அளவுக்கு மீறி இறங்கலாம், வியர்த்து மயங்கி விழுவார்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தொட வேண்டாம். பொருள் கைக்கு வராமல் காசு போடாதீர்கள். ஏமாந்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவியுங்கள், நான் அறிவித்துவிட்டேன். இன்னும் எழுத நினைத்தேன், அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக ஓட்டோ வந்துவிட்டது.

ஒன்று மட்டும். அந்தப் பக்கத்தில் இப்போது "சீனி குறைந்த அம்மா" என்று ஒரு படம் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் சேலை, கையில் கோப்பை. அது என் அம்மா. அவருக்குச் சீனி குறையவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து யாரும் காசு போடாதீர்கள்.