சவாரிக் குதிரையா, லாடத் தொழிலா?

கொடைக்கானலில் குதிரையை நம்பிப் பிழைக்க எண்ணும் இளைஞர், ஏரிக்கரையில் சவாரிக்குக் குதிரை விடலாம். அல்லது லாடம் அடிக்கக் கற்கலாம்.

சவாரியில் ஏப்ரல், மே மாதங்களில் கையில் பணம் புரளும். ஆனால், வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு பயணிகள் வராத நாள்களிலும், 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாள்தோறும் ஐந்தாறு கிலோ உலர்தீவனம் வைத்தே ஆக வேண்டும். கடும் வயிற்றுவலி கண்டால் ஒரே இரவில் குதிரை இறந்து, போட்ட முதலே போய்விடலாம்.

லாடத் தொழிலுக்கு முதலீடு சுத்தியல், அரம், குறடு, குளம்புக் கத்தி ஆகியவையே. குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால், சீசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மீண்டும் அடிக்க வேண்டும். (கூலியை உரிய நாளில் வாங்குவது தனிக் கலை.) ஆணி, உணர்வற்ற வெளிச்சுவருக்குள் மட்டுமே இறங்க வேண்டும், நூலளவு தவறி உட்சதையைத் தொட்டாலும் குதிரை நொண்டும் என்பதால், தேர்ந்த ஒருவரிடம் நெடுநாள் உடனிருந்து பழகாமல் இத்தொழிலில் இறங்கக் கூடாது. மலையில் குதிரைகள் குறைவு என்பதால் ஊர் ஊராக அலையவும் நேரும். ஊட்டிப் பந்தயத் திடல் நிலத்தை 2024இல் அரசு மீட்டுக்கொண்டதால், அங்குள்ள பந்தயக் குதிரைகளை நம்பிக் கணக்குப் போட முடியாது. ஆயினும், கடன் வாங்கிக் குதிரை பிடிப்பவரிடம், முதலில் லாடத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.