பிக்கப் வண்டிக்கு எக்ஸ்ட்ரா அலாரம் சென்சார் போடப் போறீங்களா, 23,400 ரூபா போன கதைய படிச்சுட்டு போங்க

நேத்து ராத்திரி வண்டில இருந்து கேபிள் போயிருச்சு, அந்த கோவத்துல தான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. என்னென்ன பாக்கணும்னு கடைசில சொல்றேன், அதுக்கு முன்னாடி நடந்தத கேளுங்க.

நமக்கு தொழில் சப்மெர்சிபிள் மோட்டார் சர்வீஸ். உடுமலை சுத்தி தோட்டம் தோட்டமா போறது, அதனால டபுள் கேப் பிக்கப். பின்னாடி பாடில எப்பவும் மோட்டார், செயின் பிளாக், காப்பர் கேபிள் காயில்னு ஏதாவது கிடக்கும். வீட்டுல ஷெட் இல்ல, ரோட்டோரமா தான் நிறுத்தணும். கம்பெனில இருந்து வந்த அலாரம் இருக்கு, ஆனா அது டோரையும் பானெட்டையும் மட்டும் தான் பாக்கும். கண்ணாடிய உடைச்சு கைய விட்டு பொருள எடுத்தா கத்தாது, டோர் திறந்தா தான் கத்தும். பின்னாடி டெயில் கேட் அதோட கணக்குலயே இல்ல, ஜாக்கி வச்சு தூக்கி வீல கழட்டுனாலும் அதுக்கு தெரியாது. பாடிக்கு அடில தொங்கற ஸ்டெப்னிய கூட நிதானமா இறக்கிட்டு போலாம். வண்டி மேல தப்பு சொல்லல, கார்ல வர்றத அப்படியே பிக்கப்லயும் குடுத்திருக்காங்க, அவ்ளோதான்.

இதுக்கு வழி இருக்கு. கம்பெனி அலாரத்த கழட்டாம, கூடவே ஒரு மாட்யூல் (சின்ன கண்ட்ரோல் டப்பா) போட்டு, அடி விழுந்தா கத்தற ஷாக் சென்சார், வண்டி சாஞ்சா தூக்குனா கத்தற டில்ட் சென்சார், உள்ள அசைவு இருந்தா கண்டுபிடிக்கற மைக்ரோவேவ் சென்சார், டெயில் கேட்டுக்கு ஒரு சின்ன ஸ்விட்ச், இதெல்லாம் சேக்கலாம். ஒரிஜினல் சாவில லாக் பண்ணா எல்லாம் சேந்தே ஆன் ஆயிரும். ஒழுங்கா போட்டா அருமையான விஷயம், அதுல எனக்கு இப்பவும் சந்தேகம் இல்ல.

போன கடை கோயம்புத்தூர்ல ஒரு பெரிய கார் அக்சஸரீஸ் கடை. பேர் போடல, போட்டா நாளைக்கு வக்கீல் நோட்டீஸ்னு வருவானுங்க. ரீல்ஸ் போட்டே வளந்த கடைனு மட்டும் வச்சுக்கங்க. உள்ள போனதும் ஏசி ரூம், டீ, "வாங்கண்ணா, உடுமலையா, எங்க மாமனார் ஊரு தானுங்க"னு ஆரம்பிச்சான் ஓனர். கவுண்டர் மேல ஒரு டெமோ போர்டு, அதுல மூணு சென்சாரும் சைரனும் மாட்டி வச்சிருந்தான். விரலால லேசா தட்டுனா ஒரு சின்ன பீப், ஓங்கி தட்டுனா முழு சைரன். "ரெண்டு ஸ்டேஜுங்ண்ணா, நாய் உரசிட்டு போனா எச்சரிக்கை மட்டும், கம்பி வச்சு அடிச்சா தெருவே எந்திரிக்கும்"னான். போர்ட ஒரு பக்கமா தூக்கிக் காட்டுனான், அதுக்கும் கத்துச்சு. "வயர் வெட்டுவீங்களா"னு நான் கேட்டதுக்கு நெஞ்சுல கைய வச்சு, "ஒரு வயர் வெட்டுனா என் கடைய எழுதித் தர்றேன், எல்லாம் கப்ளர் டு கப்ளர், ப்ளக்ல ப்ளக் சொருகறது தான், கம்பெனி வாரண்டி அப்படியே இருக்கும்"னு சொன்னான் பாருங்க, அங்க தான் விழுந்தேன். இத்தன கண்ணாடி போட்ட கடை, இத்தன பேர் நிக்கறாங்க, ஒருத்தன் மூஞ்சிய பாத்து சொன்னா யாருக்கா இருந்தாலும் நம்பிக்கை வரத்தான் செய்யும்.

மூணு சென்சார், டெயில் கேட் ஸ்விட்ச், பேட்டரி உள்ள வச்ச சைரன், ஃபிட்டிங் எல்லாம் சேத்து 23,400. ஜிபே பண்ணேன். ஃபிட்டிங் பண்ற இடத்துக்கு கஸ்டமர் வரக்கூடாதாம், சேஃப்டியாம். சாயங்காலம் வண்டிய குடுக்கும்போது டேஷ் போர்டுல ஒரு நீல லைட்டு பளிச் பளிச்னு மின்னுச்சு, டோர தட்டிக் காட்டுனான், கத்துச்சு. பில்லுனு குடுத்தது ஒரு எஸ்டிமேட் பேப்பர், "ஜிஎஸ்டி பில் வாட்ஸப்ல வரும்ண்ணா"னான். இன்னும் வந்துட்டே இருக்கு.

மொத ராத்திரியே லாரி ஒண்ணு போனா அலறுது, இடி இடிச்சா அலறுது, எதிர் வீட்டு அம்மா வந்து "தம்பி, குழந்தை தூங்க வேண்டாமா"னு கேட்டுட்டு போச்சு. கடைக்கு போன் போட்டா "சென்சிடிவிட்டி கம்மி பண்ணனும், கொண்டு வாங்க". இங்கிருந்து டீசல் போட்டு போனேன். ஒரு பையன் டேஷுக்கு அடில கைய விட்டு எதையோ திருகுனான், அஞ்சு நிமிஷம் கூட இல்ல, போலாம்னுட்டான். அதுக்கப்புறம் சத்தமே இல்ல. நல்லா ஆயிருச்சுனு நாம நெனச்சுட்டு இருக்கோம்.

அடுத்து பேட்டரி. ஊருக்கு போயிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு ரிலே சத்தம் மட்டும் தான் வருது. கடைல கேட்டா "உங்க பேட்டரி வீக்கு சார்". அண்ணா போயி சார் ஆயிட்டேன் கவனிங்க. அதோட கம்பெனி சர்வீஸ் சென்டர்ல விட்டா அவங்க ஸ்டியரிங்குக்கு கீழ கவர கழட்டி பாத்துட்டு, வயர்ல வெளி ஆள் கை வச்சிருக்காங்க, எலக்ட்ரிக்கல் பக்கம் வாரண்டி கிளைம் பண்ண முடியாதுனு எழுதியே குடுத்துட்டாங்க. கடைய எழுதித் தர்றேன்னவன் இதுக்கு என்ன சொன்னான் தெரியுமா, "அவங்க அப்படித்தான் சார் பயமுறுத்துவாங்க".

அப்புறம் தான் நேத்து ராத்திரி. தார்ப்பாய் கயித்த அறுத்து, டெயில் கேட்ட திறந்து, 3 கோர் ஃபிளாட் கேபிள் காயில தூக்கிட்டு போயிட்டானுங்க. டெயில் கேட் திறந்திருக்கு, அலாரம் மூச்சு விடல. நீல லைட்டு மட்டும் காலைல வரைக்கும் அழகா மின்னிட்டு இருக்கு. கேபிளோட விலை தனிங்க, அத இந்த 23,400ல சேக்கவே இல்ல. வண்டி இன்சூரன்ஸ்ல கேட்டேன், பின்னாடி ஏத்தி வச்ச சரக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லனுட்டாங்க.

காலைல நம்மூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தர கூட்டிட்டு வந்து பிரிச்சு பாத்தோம். அவர் டார்ச் அடிச்சு காட்ட காட்ட எனக்கு வயிறு எரியுது. ஷாக் சென்சார் கெட்டியா ஒரு இரும்பு பிராக்கெட்ல ஸ்குரூ போட்டு உக்காரணும், அப்பத்தான் பாடில விழற அடி அதுக்கு சரியா போய் சேரும். இவனுங்க அத வயர் கட்டு மேலயே கேபிள் டை போட்டு தொங்க விட்டிருக்கானுங்க, ஊஞ்சல் மாதிரி ஆடுது. சென்சிடிவிட்டி திருகாணி கடைசி வரைக்கும் திருப்பி வச்சிருக்கு, அதாவது அன்னைக்கு பையன் பண்ணது கம்மி இல்ல, ஆஃப். டில்ட் சென்சார் டப்பா இருக்கு, அதுல வயர் சொருகற சாக்கெட் காலி, உள்ள தூசி கூட படியல. மைக்ரோவேவ் சென்சார தேடு தேடுனு தேடுனோம், வண்டிலயே இல்ல. டெயில் கேட் ஸ்விட்சுக்கு ஒரு வயர் பின்னாடி வரைக்கும் வந்திருக்கு, முனைல கருப்பு டேப் சுத்தி அப்படியே விட்டிருக்கானுங்க. கப்ளர் டு கப்ளராம். கம்பெனி வயர கடிச்சுப் புடிக்கற நீல கிளிப் தான் எல்லா எடத்துலயும், ரெண்டு எடத்துல வயர வெட்டி முறுக்கி டேப் ஒட்டியிருக்கு, ஃபியூஸ் எங்கயும் கிடையாது. ஷார்ட் ஆகி புகை வந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்?

வண்டிய பூட்டி கொஞ்ச நேரம் விட்டுட்டு மீட்டர் வச்சு பாத்தார், 0.38 ஆம்பியர் இழுத்துட்டே இருக்கு. சாதாரணமா நிக்கற வண்டி 0.05க்குள்ள தான் இழுக்கணுமாம். ஒரு நாளைக்கு ஒம்பது ஆம்பியர்-ஹவர் (Ah) போகுது, நாலு நாள் நிறுத்துனா 70 Ah பேட்டரி பாதி காலி. என் பேட்டரி வீக்காம்!

இந்த போட்டோ எல்லாத்தையும் அனுப்புனா உடனே ப்ளூ டிக், பதில் இல்ல. கூப்பிட்டா ஓனர் வெளியூர். ஃபிட்டர் பையன் வேலைய விட்டு நின்னுட்டானாம். கவுண்டர்ல ஒரு பொண்ணு, பாவம் அது என்ன பண்ணும், "சார் டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க"னு ஒரே பாட்டு. மத்தியானம் ஓனரே லைன்ல வந்தான், "நீங்க வெளி ஆள வச்சு பிரிச்சுட்டீங்க, இனி வாரண்டி கிடையாது, தட்டுனப்ப கத்துச்சுல்ல, பாத்துட்டு தான எடுத்துட்டு போனீங்க"ங்கறான். 23,400 ரூபாய்க்கு எனக்கு கெடச்சது ஒரு நீல லைட்டு. ரிவ்யூ போட்டேன், அதுக்கு கீழ "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் கருத்துக்கு நன்றி"னு பதில்.

சரி, கடைசில சொல்றேன்னு சொன்னத சீக்கிரமா சொல்லிடறேன். காச முழுசா முன்னாடி குடுக்காதீங்க, வேலை நடக்கற எடத்துல நிப்பேன்னு சொல்லுங்க, விடலன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. வண்டிய வாங்கும்போது ஒவ்வொரு சென்சாரையும் தனித்தனியா சோதிங்க. ஜாக்கி வச்சு தூக்குங்க, டெயில் கேட்ட திறங்க, கண்ணாடிய எறக்கி விட்டு வண்டிய பூட்டிட்டு உள்ள கைய விட்டு ஆட்டுங்க. டோர மட்டும் தட்டிக் காட்டுனா ஷாக் சென்சார் ஒண்ணு தான் கத்தும், மத்ததெல்லாம் வேலை செய்யுதானு நமக்கு எப்படி தெரியும்? ஃபியூஸ் எங்க இருக்குனு காட்டச் சொல்லுங்க. ஆம்பியர் மீட்டர் வச்சு பாக்கச் சொல்லுங்க. ஜிஎஸ்டி பில்லுல சென்சார் பேர் ஒவ்வொண்ணா எழுதி வாங்காம எடத்த விட்டு நகராதீங்க. இன்னும் நெறைய இருக்கு, இப்ப மண்டைல வர மாட்டேங்குது.

தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளெயின்ட் பதிஞ்சாச்சு. அவங்க வழில முடியலன்னா கன்ஸ்யூமர் கோர்ட் தான். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி கடை எங்க இருந்தாலும் நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், நாம குடுத்த காசு அஞ்சு லட்சம் வரைக்கும்னா கட்டணமும் கிடையாது. இது தொழிலுக்கு வச்சிருக்கற வண்டி, நீ கன்ஸ்யூமரே இல்லனு அவன் பேசுவான், பேசட்டும், சொந்தமா உழைச்சு பொழைக்க வாங்குனத சட்டம் வெளிய தள்ளல. எஸ்டிமேட் பேப்பர், ஜிபே ஸ்கிரீன்ஷாட், சர்வீஸ் சென்டர் லெட்டர் மூணும் கைல இருக்கு. இதே மாதிரி ரீல்ஸ் கடைல அலாரம் போட்டு ஏமாந்தவங்க கோவை, திருப்பூர் பக்கம் யாராவது இருந்தா இன்பாக்ஸ் வாங்க, உங்க வண்டியவும் ஒருக்கா பிரிச்சு பாத்துட்டு வாங்க, சேந்தே போடலாம்.