குடம் வைத்த பழைய மாண்டலினுக்குப் பெட்டி: கொடைக்கானல் ஈரத்தில் சில வருட அனுபவம்

மாண்டலின் என்றாலே நம்மூரில் பலருக்கும் யு. ஸ்ரீநிவாஸ் வாசித்த எலெக்ட்ரிக் மாண்டலின்தான் ஞாபகம் வரும். அது தட்டையான கட்டை. மெல்லிய பையே போதும். என்னிடம் இருப்பது இத்தாலியின் பழைய நேப்பிள்ஸ் பாணி. மெல்லிய மரப்பட்டிகளை வளைத்து ஒட்டிய குடம், எட்டுத் தந்தி. கடையில் 'மாண்டலின் கேஸ்' என்று கிடைப்பதோ பெரும்பாலும் முதுகு ஏறக்குறைய தட்டையான ஏ, எஃப் மாடல்களுக்கானது. நீளம் பொருந்தும், அகலம் பொருந்தும், மூடி மட்டும் மூடாது. அழுத்தி மூடவே கூடாது. இதில் தந்திகளைத் தாங்கும் மரக்கட்டையான குதிரையை ஒட்டியிருக்க மாட்டார்கள், தந்தியின் இழுப்பில்தான் நிற்கிறது. மூடியின் அழுத்தம் முழுக்க அதன் வழியாக மேல்பலகையில் இறங்கும்.

குடம் என்றதும் வீணை ஞாபகம் வந்தது. தஞ்சாவூரில் வீணைக்கு ஃபைபர் பெட்டி செய்யும் ஒருவரிடம் பேசினேன். "குடம் எவ்வளவு ஆழம் சார்? கழுத்து எங்க சேருது?" என்றுதான் முதலில் கேட்டார். மொத்த நீளத்தைக் கடைசியில்தான் விசாரித்தார். அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. நீளம் 61 செ.மீ., அகலம் 20, குதிரையோடு சேர்த்து ஆழம் 17. பக்கவாட்டு வளைவை அட்டையில் வெட்டி கூரியரில் அனுப்பினேன்.

வந்த பெட்டியில் எனக்குப் பிடித்தது கழுத்துத் தாங்கி. குடம் பள்ளத்தில் உட்காருகிறது, கழுத்து தாங்கியில் படுக்கிறது, தந்தியை முறுக்கும் பிரடை இருக்கும் தலைப்பகுதி எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. தலைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தால் தடையில்லாமல் போகிறது. தலை பின்னால் சாய்ந்திருப்பதால், பெட்டி கீழே விழுந்தால் முதல் அடி அதற்குத்தான். கழுத்து முறிவதும் அங்கேதான். எந்தப் பெட்டி வாங்கினாலும் இதை முதலில் பாருங்கள். வெல்வெட்டின் நிறத்தை அப்புறம் ரசிக்கலாம்.

உள்ளே போட்டிருந்த ஸ்பாஞ்ச்தான் ஏமாற்றம். கொடையில் அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை மழையும் பனிமூட்டமும். வாத்தியத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது. என் அறையில் மீட்டர் பல நாள் 80-ஐத் தாண்டி நிற்கும். முதல் மழைக்காலத்திலேயே ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து, ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. பிய்த்தெறிந்துவிட்டு ஈரத்தைக் குடிக்காத ஈ.வி.ஏ. நுரை ஷீட் ஒட்டி, மேலே மெல்லிய காட்டன் துணி போட்டேன். கழுத்துக்கு அடியில் சிலிகா ஜெல் பை ஒன்று. நிறம் மாறினால் எடுத்துக் காயவைக்க வேண்டும். சோம்பல்பட்டால் அது வெறும் அலங்காரம். அதற்கப்புறம் பூஞ்சை வரவில்லை.

மலையடிவாரத்து வத்தலக்குண்டு இறங்கினால் கதையே வேறு, அங்கே சூடு. பழைய வாத்தியங்களில் விலங்குப் பசை; சூட்டில் இளகும். கறுப்பு ஃபைபர் பெட்டி வெயிலில் நிற்கும் காருக்குள் அடுப்பாகிவிடும். வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறேன், டிக்கியில் வைப்பதே இல்லை.

எடைதான் தீராத குறை. பஸ்ஸில் மடியில் வைத்தால் கால் மரத்துப்போகிறது. பூட்டுகளும் துருப்பிடித்து, பித்தளையில் மாற்றினேன். தட்டை முதுகு ஏ மாடல் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. கடைப் பெட்டியே போதும், கழுத்துத் தாங்கி சரியாக இருந்தால்.