தானே நுனியை மூடிக்கொள்ளும் கேனுலா: ஒன்றரை வருடம் போட்டுப் பார்த்த பிறகு

ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கேனுலா என்பது ட்ரிப்ஸும் மருந்தும் ஏற்ற ரத்தக்குழாயில் விட்டு வைக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாய்; அதை உள்ளே செலுத்த உதவும் ஊசியைப் பிறகு உருவிவிடுவோம். ஒன்றரை வருடமாக இங்கே, உருவும்போது ஊசி நுனி தானே மூடிக்கொள்ளும் சேஃப்டி கேனுலாதான், பெரும்பாலும் பி.பிரவுன் கம்பெனியின் வாசோஃபிக்ஸ் சேஃப்டி, பிங்க், ப்ளூ நிற அளவுகள். அதைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே வருவதற்கு முன்னால் வேறொரு ஆஸ்பத்திரியில், கேஷுவால்டியில் நைட் டியூட்டி. விபத்தில் வந்தவர் கையை உதறிக்கொண்டே இருந்தார். எப்படியோ கேனுலா ரத்தக்குழாய்க்குள் போய்விட்டது, ஊசியை உருவி ரப்பர் ஷீட்டில் வைத்துவிட்டு பிளாஸ்டரை எடுக்கத் திரும்பினேன், அவர் கையை இழுத்தார், பிடிக்கப் போனபோது அந்த ஊசி என் மோதிர விரலில் ஏறிவிட்டது. கையுறை போட்டிருந்தும்தான். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினேன் (பிதுக்கக் கூடாது, பலர் இன்னும் பிதுக்குகிறார்கள்). அவருக்கு டெஸ்ட் எடுப்பதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் 28 நாள் எச்ஐவி தடுப்பு மாத்திரை, அப்புறம் ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று ரத்தப் பரிசோதனை. ஊசி குத்தினால் எச்ஐவி வர 1000க்கு 3 வாய்ப்பு என்று வகுப்பில் படித்தபோது சின்ன எண்ணாகத்தான் தெரிந்தது. அந்த ஆறு மாதமும் பிள்ளை என் விரலைப் பிடித்தால் கையை இழுத்துக்கொள்வேன், அப்படியெல்லாம் பரவாது என்று தெரிந்தும்.

சரி, கேனுலாவுக்கு வருகிறேன். ஊசி நுனிக்குச் சற்று மேலே ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. ஊசியை உருவும்போது அது உள்ளே உள்ள உலோக கிளிப்பில் மாட்டி, கிளிப்பும் கூடவே வந்து நுனியை மூடிக்கொள்கிறது. பட்டன் எதையும் அமுக்க வேண்டியதில்லை, நாம் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்ததே இதுதான். விடியற்காலை நான்கு மணிக்கு, ஆறு பேஷன்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் நர்ஸிடம் இன்னும் கொஞ்சம் கவனமாக இரு என்று சொல்வதால் எதுவும் மாறாது. இந்த கிளிப் அவள் கவனத்தை நம்பி இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒரேயடியாக உருவிவிட்டால் மறுபடி உள்ளே விட முடியாது, புதிதுதான் எடுக்க வேண்டும். (சாதாரண கேனுலாவிலும் ஊசியைத் திரும்ப விடக் கூடாது, குழாய் கிழியும்.) ரத்தம் கசிவதை கிளிப் நிறுத்தாது, கேனுலா நுனிக்கு மேலே ரத்தக்குழாயை அழுத்திப் பிடித்துத்தான் ஆக வேண்டும். நுனி மூடியிருக்கிறதே என்று ட்ரேயில் போட்டு வைக்காமல், நேரே ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும், டப்பாவும் முக்கால் நிறைந்ததும் மாற்றப்பட வேண்டும். இன்சுலின், ஐஎம் (தசையில் போடும்) ஊசிகளுக்கு இது எந்த வகையிலும் உதவாது. அங்கே மூடியைத் திரும்பப் போடாமல் இருப்பதுதான் வழி.

விலை கூடுதல். அதனால் பல இடங்களில் ஐசியுவுக்கும், எச்ஐவி மாதிரி தொற்று இருப்பதாக டெஸ்ட்டில் தெரிந்த பாசிட்டிவ் பேஷன்ட்டுக்கும் மட்டும் கொடுக்கிறார்கள். இதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பாசிட்டிவ் என்று தெரிந்தவரிடம் எல்லோரும் ஏற்கெனவே பார்த்துப் பார்த்துத்தான் கை வைக்கிறோம். எனக்குக் குத்தியது என்னவென்றே தெரியாத ஒருவருடைய ரத்தம், அவருக்குப் போட்டது சாதாரண கேனுலா. முதலில் கொடுக்க வேண்டிய இடம் கேஷுவால்டி, அடுத்து லேபர் வார்டு. நர்ஸிங் மாணவிகள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் முடிக்காமலே வார்டுக்கு வருவதையும் பார்க்கிறேன். தடுப்பூசி போடாதவருக்கு அந்த வைரஸ் தொற்ற 100க்கு 30 வரைகூட வாய்ப்பு உண்டு, அவர்கள் கையிலும் இதையே கொடுங்கள்.

பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒன்று: ஒரே கம்பெனியின் சாதாரண கேனுலாவும் அதே பிங்க், அதே ப்ளூ நிறத்தில்தான் வரும். ஆர்டர் போடும்போது பெயரில் சேஃப்டி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், பெட்டி வந்ததும் ஒன்றைப் பிரித்து, ஊசியை உருவி, கிளிப் மூடுகிறதா என்று பார்த்துவிட்டு வார்டுக்கு அனுப்புங்கள்.